கண்ணாடி இறக்கிய இடம்

இன்று காலை கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில் திருநீற்றுப் பையின் நாடாவை இழுத்தேன். நீற்றின் மணத்துக்கு முன்னால் தைல மணம் ஒன்று எழுந்து மூக்கில் ஏறிற்று. பையின் அடித்தையலில், பாதி பிரிந்த தாளோடு, உன் இருமல் மிட்டாய் ஒன்று ஒட்டிக் கிடந்தது. எந்தச் சனிக்கிழமை போட்டாயோ! “உங்கட சாமிக்கும் தொண்டை கட்டுமெல்லோ, அக்கா” என்று சொல்லி என் பைக்குள் எதையாவது போட்டுவிடுவது உன் வழக்கம்.

கீழே மருமகள் வித்யா காரைக் கிளப்பிவிட்டாள். மிட்டாயை எறிய மனம் வரவில்லை. உள்ளேயே விட்டு நாடாவை இறுக்கினேன். லிவர்மோர் கோயிலில் சந்நிதியின் முன் நின்று நெற்றியில் நீறு இட்டபோது தைலத்தின் குளிர் புருவத்தில் இறங்கிற்று. பதிகத்தின் நான்காம் பாட்டு நாவில் இருந்தது. அதன் இரண்டாம் அடி முடிந்த இடத்தில், அழையாமலே, உன் பாட்டின் அடி ஒன்று வந்து நின்றது. சலவைக்கடையில் துணி சுழல்வதைப் பார்த்திருக்கும் பெண்ணைப் பற்றிய அந்த அடி. நாவைக் கடித்துக்கொண்டு பதிகத்தை முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் அதே இடத்தில் வந்தது. நீ போன நாள்முதல் எனக்கு இது நிகழ்ந்துகொண்டிருக்கிறது. பிராகாரத்தை மூன்று முறை சுற்ற வேண்டியவள் ஏழு முறை சுற்றுகிறேன். இருக்கையில் இருப்புக் கொள்ளவில்லை. ஆகவே இந்த மடலை உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஃப்ரீமாண்டில் எங்கள் எதிர்வீட்டுக்கு நீ குடிவந்த ஒரு வாரத்தில் எங்கள் வாசல்மணி ஒலித்தது. கதவைத் திறந்தேன். காற்சட்டையும், கழுத்தை மூடிய சட்டையும், நாற்பதைத் தாண்டிய முகமுமாக நீ நின்றாய். விடியற்காலையில் நான் வாய்விட்டுப் பதிகம் ஓதுவதைக் குறைகூற வந்திருக்கிறாய் என்று எண்ணி, மன்னிப்புக்கான சொற்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நீயோ, காய்ந்த ஓலைகளை ஒன்றோடொன்று உரசினாற்போன்ற குரலில், “குறை நினையாதேங்கோ அக்கா. மூண்டாவது பாட்டில நீங்கள் மூச்செடுக்கிற இடம் பிழை. சொல்லு ரெண்டாப் பிளக்குது” என்றாய்.

உன் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்தேன். ஏடு தொடுவதற்கு முன்பே செவிவழியாகப் பாடம் பெற்றவள் நான். எனக்கு மூச்சு சொல்லிக்கொடுக்க யாழ்ப்பாணத்துக் கிறித்தவப் பெண் ஒருத்தி வாசலில் நிற்கிறாள்! கதவைச் சற்று வேகமாகவே சாத்தினேன். மறுநாள் காலை, நீ சொன்ன இடத்தில் மூச்சை எடுத்துப் பார்த்தேன். சொல் பிளவாமல் நின்றது. அன்று மாலையே புளியோதரை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உன் வாசலில் நின்றேன்.

அந்தப் புளியோதரைதான் நம்மைச் சனிக்கிழமைகளில் சேர்த்தது. என் மகனுக்கும் வித்யாவுக்கும் அப்போது சனிக்கிழமையும் அலுவலகம். சிப் கம்பெனியில் சோதனைப் பொறியாளரான உனக்கு விடுமுறை. “வாங்கோ, நான் ஏத்திக்கொண்டு போறன். உங்களுக்குப் புண்ணியம், எனக்குக் கோயில் புளிச்சோறு” என்றாய். மலையைத் தாண்டி லிவர்மோர் போவோம். நான் சந்நிதியில் நிற்பேன். நீ மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, பாடுவோரின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாய்.

காரில் ஒலிநாடாவுக்கு நீ ஒரு முறை வகுத்தாய். “போகேக்க உங்கட சாமி, வரேக்க என்ர பிசாசு. சம்மதமோ?”

அந்தப் பிசாசு, நீ இளமையில் லண்டனில் சேர்ந்திருந்த இசைக்குழு. நால்வர் கூடி நடத்திய அக்குழு ஒரே ஓர் இசைத்தட்டுத் தொகுப்பை வெளியிட்டுக் கலைந்தது. வெளியிட்ட கம்பெனியும் அதே ஆண்டில் படுத்துவிட்டது. தொகுப்பில் ஒன்பது பாட்டு, எல்லாம் ஆங்கிலத்தில்; எது எதைப் பற்றியது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழுவின் ஆங்கிலப் பெயருக்கு வாடகை வானம் என்று பொருள் சொன்னாய்.

“வானத்துக்கு ஆருட்டி வாடகை கேட்டா?” என்றேன்.

“லண்டனில கேப்பினம், அக்கா.”

அவ்வகை இசைக்கு நியூ வேவ் என்று பெயராம். அது என்னவென்று கேட்டதற்கு, வண்டியை வளைவில் திருப்பிக்கொண்டே விளக்கினாய். “எங்களுக்கு முதல் இருந்த பங்க் காரர் சட்டையைக் கிழிச்சுப் போட்டுக்கொண்டு கத்தினவை. நாங்கள் அந்தச் சட்டையைத் தைச்சு, இஸ்திரி போட்டு, மெஷினையும் சேத்துக்கொண்டு கத்தினம்.”

“ரெண்டும் கத்துததுதானே?”

“ஓம். ஆனா எங்கட சட்டை வடிவு.”

அக்குழுவில் நீ சிந்தசைசர் என்ற மின்னணு இசைப்பெட்டியை வாசித்ததாகச் சொல்லியிருந்தாய். பாடியவள் யார் என்று ஒருமுறை கேட்டேன். “அவள் ஒரு பெட்டை. இப்ப இல்லை” என்று சொல்லி, ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாய். இறந்தவளைப் பற்றி மேலும் கிண்டுவது முறையன்று என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அவளை நான் ஏசாத சனிக்கிழமை இல்லை. முதல் நான்கு பாட்டையும் பல்லைக் கடித்துப் பொறுப்பேன். சுனோல் மலையிறக்கத்தில் கார் சாயும்போது ஐந்தாவது பாட்டு நடுப்பகுதிக்கு வந்திருக்கும். அங்கே அந்தப் பெண்ணின் குரல் சொல்லில்லாமல் படிப்படியாக ஏறி, உச்சியில் நின்றுகொண்டு இரண்டு அடிகளை வீசும். அவ்வளவுதான், என் கை தானாகப் போய் ஜன்னல் கண்ணாடியின் கைப்பிடியைச் சுழற்றி இறக்கிவிடும். ஃப்ரீவேக் காற்று காதை அடைத்துக்கொண்டு நுழையும்.

“ஏட்டி, இவ எதுக்கு இந்தக் கத்து கத்துதா? பிள்ளை பெறுதாளா?”

“பாவம் அக்கா, அவளுக்கு ஒருத்தரும் புளிச்சோறு குடுக்கேல்லை.”

நீ சிரிப்பாய். உன் சிரிப்பில் ஒலி குறைவு, தோள்தான் குலுங்கும். வீட்டுப் பார்க்கிங்கை அடையும்போது ஒன்பதாவது பாட்டு முடிந்திராது. அது முடியும்வரை நீ எஞ்சினை அணைக்கமாட்டாய். நான் பிரசாதப் பையை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுத்திருப்பேன். இவ்வாறு மூன்று ஆண்டுகள்.

பிறகு நான் அதைச் செய்தேன். தமிழகத்திலிருந்து வந்திருந்த ஓதுவார் ஒருவர் கோயில் மண்டபத்தில் பாடவிருந்தார். என் சிறிய ஒலிப்பதிவுப் பெட்டியை எடுத்துவந்த நான் வெற்று நாடாவை மறந்துவிட்டேன். பதைத்த என்னிடம் நீ காரிலிருந்து உன் நாடாவைக் கொணர்ந்து நீட்டினாய். “ஒரு பக்கத்தில எங்கட பாட்டு இருக்கு. மற்றப் பக்கம் வெறுமை. அதில பிடியுங்கோ.” எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டும் காட்டினாய். அதற்குள் ஓதுவார் தொண்டையைச் செருமிவிட்டார். கூட்டத்தை விலக்கி ஓடி, முன்வரிசையில் அமர்ந்து, பெட்டிக்குள் நாடாவைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். எனக்கு அன்று எந்த ஐயமும் எழவில்லை. அவர் பாடி முடித்ததும் எடுத்து உறையிலிட்டு உன்னிடமே கொடுத்தேன். திரும்பும் வழியில் மகிழ்ச்சி மிகுதியால் நானே பாடிக்கொண்டு வந்தேன்; நீயும் உன் முறையைக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, லிவர்மோரிலிருந்து கிளம்பியதும் நாடாவை உள்ளே தள்ளினாய். பதிகம் எழுந்தது.

“என்னட்டி, இன்னைக்குத் திரும்பும்போதும் சாமியா?” என்றேன் நான், மூடத்தனமான மகிழ்ச்சியோடு.

“நான் மாத்திப் போடேல்லை, அக்கா” என்றாய். நாடாவை வெளியே எடுத்துப் பார்த்தாய். மறுபக்கத்தைப் போட்டாய். வெறும் இரைச்சல். மீண்டும் திருப்பிப் போட்டாய். உன் பாட்டு இருந்த பக்கத்திலேயே ஓதுவாரைப் பதித்துவிட்டேன் என்று நான் உணர்ந்தபோது கார் இறக்கத்தில் இருந்தது. ஐந்தாவது பாட்டு இருந்த இடத்தில் ஓதுவார் உருகிக்கொண்டிருந்தார். பழக்கத்தால் என் கை கைப்பிடிவரை போய்த் திரும்பிற்று. நீ பதிகத்தை நிறுத்தவில்லை.

பார்க்கிங்கில் நின்றோம். எஞ்சின் அணையவில்லை. ஓதுவார் வாழ்த்துப் பாடி முடித்தார். நாடாவிலிருந்து என் குரலே கேட்டது: “முடிஞ்சிட்டா? எந்தப் பொத்தான்?” ஒரு சொடுக்கு. அதன்பின், அழியாமல் மிஞ்சிய ஒன்பதாவது பாட்டின் பின்பாதி. அதில் அந்தப் பெண் கத்தவில்லை. காலையில் கிளம்பிப் போகிறவனிடம் கதவைச் சாத்திவிட்டுப் போ என்று சொல்வதுபோல், தாழ்ந்த குரலில் பாடினாள். மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக அந்தக் குரலை நான் கேட்டேன்.

“அது நான்தான், அக்கா” என்றாய்.

உன் கழுத்தை மூடிய சட்டையைப் பார்த்தேன். லண்டனில் இருக்கும்போதே தொண்டையில் கட்டி வந்து அறுத்ததையும், அதில் குரல் உடைந்ததையும் முன்பே சொல்லியிருக்கிறாய். உடைவதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

“அவ இப்ப இல்லைன்னு சொன்னியேட்டி.”

“இல்லைத்தானே.”

வேறு பிரதி உண்டா என்று கேட்டேன். “ஒண்டு யாழ்ப்பாணத்தில அம்மாவிட்ட இருந்தது. இப்ப அந்த வீடே இல்லை. மற்றத் தட்டு லண்டன் அறையில ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்து அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சு. வளையிறதுக்கு முதல் எடுத்த கசற் இது.” பிறகு என் முழங்கையைத் தொட்டு, “பறவாயில்லை, அக்கா. சாமிதானே வந்து இருக்கிறார்” என்றாய்.

நீ வைதிருந்தால் தாங்கியிருப்பேன். நம் பதிகங்களில் பல ஆயிரம் செல்லரித்து மண்ணாயின, அரிக்காமல் எஞ்சியவையே நமக்கு வந்து சேர்ந்தன என்ற வரலாற்றைச் சிறுமியாகக் கேட்ட நாளில், அந்தச் செல்லைச் சபித்து அழுதவள் நான். அன்று உன் காரில் உட்கார்ந்திருந்த செல் நானேதான். இறைவன் புகழை எழுதிய இடத்தில் உன் குரல் அழிந்தது என்றால், அதைப் புண்ணியக் கணக்கில் சேர்க்க எந்தச் சாத்திரம் எனக்கு இடம் கொடுக்கும்? இதை எந்தச் சந்நிதியில் போய்க் கேட்பேன்?

அடுத்த சனிக்கிழமை நீ வரவில்லை. உடம்பு சரியில்லை என்று தொலைபேசியில் சொன்னாய். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. வித்யா இணையத்தில் தேடினாள். குழுவின் பெயரே கிடைக்கவில்லை. பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடைகள் பெர்க்லியில் உண்டென்று அறிந்து, அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

“அத்தை, ப்ளீஸ், நீங்க கார்லயே இருங்க. நான் உள்ள போய் செக் பண்ணிட்டு வந்துடறேன்.”

“அழிச்சவ நானு. நான்தான் கேக்கணும்.”

நாலாவது கடையில் இருந்தவர் ஐம்பது வயதுக்காரர். தலைமயிர் நீலம், மூக்கில் வளையம். பட்டை நீறும் கண்டாங்கியுமாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். வித்யா குழுவின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறிற்று. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“அத்தை, இவரும் அதைத்தான் வருஷக்கணக்கா தேடறாராம். ஒரே ஒரு தடவை, யாரோ ஃப்ரெண்ட் வீட்ல கேட்டிருக்காராம். நீங்க எப்படி இதைக் கேட்டீங்கன்னு கேக்கறார்.”

“சனிக்கிழமை தவறாம, மூணு வருஷமாக் கேட்டேன்னு சொல்லு.”

அவர் நம்பவில்லை. முதல் பாட்டு எப்படித் தொடங்கும், நினைவிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாட்டு வந்தது. ரயில் நிலைய அறிவிப்பில் தொடங்கும் உன் முதல் பாட்டு, அடி பிசகாமல், முழுவதுமாக வந்தது. அது நின்ற இடத்தில் இரண்டாவது பாட்டு தானே எடுத்துக்கொண்டது. வித்யா என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை நான் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாலும் செவி தன் தொழிலைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. ஐந்து வயதில் பொருள் தெரியாமல் பதிகம் ஏறிய அதே வழியில், அறுபத்து மூன்று வயதில் நீ ஏறியிருக்கிறாய்.

அன்று பிற்பகலே உன் கதவைத் தட்டினேன். திறந்தாய். கழுத்தில் துணி சுற்றியிருந்தாய். குரல் முன்னிலும் தேய்ந்திருந்தது. கட்டி திரும்ப வந்துவிட்டதை அப்போதுதான் சொன்னாய். நீ இத்தனை நாள் என்னை விட்டு ஒதுங்கியது கோபத்தால் அன்று, மருத்துவமனைச் சோதனைகளால். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழ வரவில்லையே நான். உன் சோபாவில் சம்மணமிட்டு, தொடையில் தாளம் போட்டு, முதல் பாட்டைத் தொடங்கினேன்.

நான் கேலி செய்கிறேன் என்றே முதலில் நினைத்தாய். உன் கண் சுருங்கிற்று. இரண்டாம் அடியில் அது விரிந்தது. நாலாம் அடியில் என் தொடையில் தட்டினாய். “அக்கா, இது தேர் இல்லை. ட்ரெயின். ஓட்டுங்கோ.”

ஓட்டினேன். இரண்டு, மூன்று, நான்கு. நீ மேசையில் விரலால் உன் சிந்தசைசரை வாசித்தாய். ஐந்தாவது பாட்டில் குரலை ஏற்றி, ஏற்றி, உச்சிக்குப் போனேன். அங்கே ஒன்றுமில்லை. இரண்டு அடிகள் இருந்தாக வேண்டிய இடம் வெறுமையாய் இருந்தது. மறுபடி ஏறினேன்; மறுபடியும் இல்லை. அடுத்த அடி தெளிவாக நின்றது; நடுவில் இரண்டு மட்டும் இல்லை.

நீ சிரிக்கத் தொடங்கினாய். இருமல் வரும்வரை, கண்ணீர் வரும்வரை சிரித்தாய். “அது நீங்கள் கண்ணாடி இறக்கிற இடம், அக்கா!”

உண்மைதான். வாரம் தவறாமல் அந்த ஈரடியைக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். எட்டரைப் பாட்டை நாடாவில் அழித்தது ஒருநாள் அவசரம். இந்த இரண்டு அடியை அழித்ததோ மூன்று ஆண்டு இறுமாப்பு.

“சொல்லுட்டி. ஒரு தரம் சொன்னாப் போதும், பிடிச்சுக்கிடுவேன்.”

“இண்டைக்கு ஏலாது. அடுத்த சனிக்கிழமை சொல்லுறன்.”

அடுத்த சனிக்கிழமை நீயே காரோட்டினாய். போகும்போது பதிகத்தை நாடா பாடிற்று. திரும்பும்போது உன் தொகுப்பை நான் பாடினேன். இறக்கம் வந்ததும் கண்ணாடியை இறுக ஏற்றிக்கொண்டு, “இப்பச் சொல்லு” என்றேன். “அடுத்த சனிக்கிழமை” என்றாய், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதையேதான் சொன்னாய். அது நம் விளையாட்டாயிற்று. நானும் சிரித்தேன். உனக்கு முன்னால் சனிக்கிழமைகள் எத்தனை மிச்சம் என்று அப்போது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்குமோ?

இரண்டாம் முறை கத்தி வைத்தபோது மருத்துவர்கள் குரலை முழுதாகவே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் உன் மடியில் ஒரு சிறு வெள்ளைப்பலகையும் பேனாவும் இருந்தன. உன் படுக்கையருகே அமர்ந்து ஒன்பது பாட்டையும் பாடினேன். செவிலிப் பெண் ஒருத்தி வாசலில் நின்று கேட்டாள். நீ என் மணிக்கட்டில் விரல் வைத்துத் தாளம் காட்டினாய். ஐந்தாவது பாட்டில் நிறுத்திப் பலகையை உன்பக்கம் நகர்த்தினேன். நெடுநேரம் பேனாவைப் பிடித்திருந்தாய். பிறகு, ‘அடுத்த சனி’ என்று எழுதினாய்.

நீ வியாழனன்று போனாய்.

டொராண்டோவிலிருந்து வந்த உன் அண்ணன், உன் காரை வாங்கியவரிடம் ஒப்படைக்கும் முன் அந்த நாடாவை என்னிடம் கொடுத்தார். அது என் பூசையறையில் இருக்கிறது. வித்யாவின் புதிய காரில் குறுந்தட்டுதான் ஓடும். ஆகவே திரும்பும் வழியில் நானே பாடுகிறேன். முதல் சில வாரங்கள் அவளுக்குக் கூச்சம். பக்கத்துக் காரில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்றாள். இப்போது மூன்றாவது பாட்டுக்கு ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறாள்.

எனக்கு அமைதியில்லாதது ஒன்றே ஒன்றில்தான். அந்த ஈரடியை நீ மறந்துவிட்டாயா, என்னிடம் மறைத்தாயா? மறந்திருந்தால், உலகத்தில் எஞ்சியிருந்த கடைசிச் செவியை நான் காற்றால் அடைத்திருக்கிறேன். மறைத்திருந்தால், அது எனக்கிட்ட தண்டனையா, இல்லை அடுத்த சனிக்கிழமையும் நான் வருவேன் என்று நீ கட்டிவைத்த முடிச்சா? பழைய ஏடுகளைப் பதிப்பிப்பவர்கள், சிதைந்த அடியின் இடத்தில் தாமாக ஒன்றை எழுதி நிரப்பமாட்டார்கள், புள்ளியிட்டு விட்டுவிடுவார்கள். நானும் அங்கே சொல் எதையும் போடவில்லை. தாளம் மட்டும் போடுகிறேன்.

இன்று திரும்பும்போது சுனோல் இறக்கத்தில் கண்ணாடி ஏற்றியிருந்தது. ஐந்தாவது பாட்டில் உச்சியை அடைந்து, வாயை மூடி, தொடையில் தட்டத் தொடங்கியிருந்தேன். அந்த இடத்தில்தானா வித்யா பேச வேண்டும்?

“அத்தை, உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். இங்கிலாந்துல ஒருத்தர் அந்த ரெக்கார்டை ஆன்லைன்ல விக்கறார். நல்ல கண்டிஷன்ல இருக்காம். எல்லாப் பாட்டு வரியும் உள்ள ஒரு தாள்ல பிரின்ட் ஆகி இருக்காம். வாங்கட்டுமா?”

ஒரு விரலை உயர்த்திப் பொறு என்றேன். இரண்டு அடிக்கான தாளத்தையும் குறையாமல் போட்டு முடித்தேன். அடுத்த அடியைச் சரியான இடத்தில் எடுத்தேன். மூச்சும் நீ சொன்ன இடத்தில் எடுத்தேன். ஆறு, ஏழு, எட்டு. பார்க்கிங்கில் ஒன்பதாவது முடியும்வரை அவள் எஞ்சினை அணைக்கவில்லை.

“அத்தை? வாங்கட்டுமான்னு கேட்டேனே.”

மடியில் திருநீற்றுப் பை இருந்தது. நாடாவின் இடுக்கு வழியே உன் மிட்டாயின் மணம் வந்துகொண்டிருந்தது.

“அடுத்த சனிக்கிழமை சொல்லுதேன்” என்றேன்.